பரணும் பழஞ்சாமானும்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றில் ஓர் அறை எந்நாளும் சாத்தியே கிடக்கும். வீட்டார் அதனைச் சாமான் அறை என்பர். அதன் திறப்பு வீட்டின் மூத்த பெண்மணியின் தலையணையின் கீழ் இருக்கும். கதவைத் திறந்தவுடன் பழைய கடுதாசியும் கறளேறிய தகரமும் எலிப்புழுக்கையும் கலந்த மணம் வந்து மோதும். உள்ளே காலொடிந்த சாய்மனைக் கதிரை, மூடி கழன்ற பெட்டகம், அடி ஓட்டையான கிடாரம், எவரும் தட்டெழுதாத தட்டெழுத்துப் பொறி, மூன்று மின்விசிறிகளின் இறக்கைகள், எண்ணற்ற போத்தல்கள். அறை நிறைந்ததும் சாமான் பரணுக்கு ஏறும். பரண் நிறைந்ததும் விறாந்தைக்கு இறங்கும். பின்னர் வளவின் கோடிப்புறத்தில் ஒரு தகரக் கொட்டிலாக வளரும். கொழும்பிலே மாடி வீடுகளிற் குடியிருப்போருக்கு இவ்வளவு இடம் இல்லை. எனினும் கட்டிலின் கீழும் அலுமாரியின் மேலும் அவர்கள் சேர்த்து வைப்பதைக் கணக்கெடுத்தால் யாழ்ப்பாணத்தாருக்கு அவர்கள் எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர் என்பது தெரியவரும்.

இதற்கெல்லாம் ஆதாரமாக ஒரு பழமொழி ஆயத்தமாக இருக்கிறது. சிறு துரும்பும் பல்லுக் குத்த உதவும் என்பார்கள். உதவும் என்பது மெய்யே. ஆயின் துரும்பு வேண்டிய வேளையில் அதனைத் தேடி எடுக்க முடியவேண்டும் அல்லவா? சாமான் அறையில் ஒரு திருகாணி இருப்பது நிச்சயமாகத் தெரிந்திருந்தும், அதனைத் தேடுவதிலும் கடைக்குப் போய்ப் புதிது வாங்குவதே எளிது என்று வாங்கி வருவோர் எத்தனை பேர்! வாங்கிய பெட்டியில் மிஞ்சிய திருகாணிகளும் அந்த அறைக்கே போய்ச் சேர்கின்றன.

யாழ்ப்பாணத்து வழமையைத் தொகுத்துச் சொல்லும் தேசவழமை, ஒல்லாந்தர் காலத்திலே, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவையினால் எழுதி முடிக்கப்பெற்று 1707இல் நடைமுறைக்கு வந்தது. குடும்பத்தின் உடைமைகளை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று அது பாகுபடுத்துகின்றது. காணி பூமிக்காக அந்தப் பாகுபாடு பெரிதும் பேசப்பட்டாலும், சாமான் அறையினுள் நின்று நோக்குவோருக்கும் அது நல்ல வழிகாட்டி. ஏனெனில் ஒரு பொருளைக் கைவிட முடியாமல் மனம் பற்றிக்கொள்வதன் காரணம் அந்தப் பொருள் வந்த வழியிலேயே இருக்கின்றது. முதுசப் பொருளை விற்பவருக்கு இறந்தவர்களை அவமதிப்பதாகத் தோன்றும். சீதனப் பொருளை விற்பவருக்குப் பெற்றோர் பட்ட பாட்டை விற்பதாகத் தோன்றும். தேடிய தேட்டமாகிய பொருளோ, கொடுத்த காசை நினைப்பூட்டி வருத்தும். பத்து ஆண்டுக்கு முன்னர் பெருவிலை கொடுத்து வாங்கி இரண்டு முறை மாத்திரம் பயன்படுத்திய தேகப்பயிற்சி இயந்திரத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். அந்தக் காசு வாங்கிய அன்றே செலவாகிவிட்டது. இயந்திரத்தை அறையில் நிறுத்தி வைப்பதனால் அதில் ஒரு சதமேனும் திரும்பி வராது.

இவற்றுக்கும் மேலான ஒரு தடை உண்டு. அது வெட்கம். ஒரு வீட்டிலிருந்து குடமோ கதிரையோ விற்பனைக்குப் போவதை அயலார் கண்டால், அந்த வீட்டிற்கு என்ன இடர் நேர்ந்ததோ என்று பேசத் தொடங்குவர். இதற்கு ஒரு பழைய காரணம் இருக்கின்றது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், கடன் வழக்கில் தோற்றவனின் தட்டுமுட்டுச் சாமான்களைப் பிஸ்கால் உத்தியோகத்தர் வந்து பறிமுதல் செய்து ஏலங் கூறுவர். வீட்டுச் சாமான் தெருவுக்கு வருவதென்றால் குடும்பம் முறிந்தது என்பதே ஊராரின் கணக்கு. ஆனால் அதே காலத்தில் தோட்டத்துத் துரைமாரும் உத்தியோகத் துரைமாரும் நாட்டை விட்டுப் புறப்படும்போது தங்கள் பங்களாச் சாமான் முழுவதையும், மேசைக் கரண்டி ஈறாக, பத்திரிகையில் விளம்பரஞ் செய்து பகிரங்கமாக ஏலத்தில் விற்றுவிட்டே கப்பலேறினர். அவர்களை எவரும் இழிவாகப் பேசவில்லை. அந்த ஏலங்களில் வாங்கிய கதிரைகளை இன்றும் பெருமையோடு காட்டும் வீடுகள் உள்ளன. ஒரே செயல் ஒருவருக்கு மானக்கேடு, மற்றவருக்கு ஒழுங்கு என்றால், பழுது செயலில் இல்லை.

இனி ஒரு தாயாரின் வீட்டை நோக்கலாம். வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் அவர் தனியே வாழ்கின்றார். வயது எழுபத்தெட்டு. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கின்றனர். இந்த வீட்டின் சாமான் அறை வெறும் உலோபத்தினால் நிறைந்ததன்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரை விட்டுப் புறப்பட்டு, கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார். கணவரின் ரலி சைக்கிளின் கரியலில் நடக்க முடியாத மாமியாரை இருத்தி, நடுச் சட்டத்திலே அரிசி மூட்டையையும் காணி உறுதிகள் இருந்த தகரப் பெட்டியையும் கட்டி, இருவருமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆறு மாதங்களின் பின்னர், 1996இல், திரும்பி வந்தபோது வீட்டில் கதவில்லை, யன்னலில்லை, ஓடில்லை. புறப்படும்போது கிணற்றினுள் இறக்கிவிட்டுச் சென்ற சீதனக் குடமும் கிடாரமும் ஒரு குத்துவிளக்கும் மாத்திரமே மிஞ்சியிருந்தன.

அன்று தொட்டு அவர் ஒன்றையும் எறிந்ததில்லை. நிவாரணத்தில் வந்த எண்ணெய்த் தகரங்கள், தறப்பாள், பிளாஸ்ரிக் கொள்கலன்கள், இற்றுப்போன கூரைத் தகரம், மகள் அனுப்பிய பொருள்கள் வந்த கடுதாசிப் பெட்டிகள் யாவும் இருந்தன. இவற்றோடு, வெளிநாடு சென்ற உறவினர் ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஒப்படைத்துப் போன அலுமாரி, கட்டில், தையல் இயந்திரம் என்பனவும் சேர்ந்தன. ஒரு வீட்டில் நான்கு வீட்டுச் சாமான் இருந்தது. எல்லாவற்றையும் ஒருமுறை இழந்தவரிடம் போய், இது எதற்கு, அது எதற்கு என்று கேட்பது எளிதன்று. இத்தகைய தாய்மாரைக் கஞ்சத்தனம் உடையோர் என்று இகழ்வோர் அந்த இரவில் அந்தப் பாலத்தைக் கடவாதவர்களே.

ஆனால் ஓர் இரவு அவர் அறைக்கும் குசினிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நடையில், அடுக்கி வைத்த கூரைத் தகரத்தின் விளிம்பு காலிற் பட்டு விழுந்தார். இடுப்பெலும்பு முறியாதது நல்லூழ். கை மணிக்கட்டு முறிந்தது. விடியும்வரை நிலத்திலே கிடந்தார். அயலிலுள்ள மச்சாள் காலையிற் பால் கொண்டு வந்தபோதுதான் கண்டார். செய்தி கேட்டு மூத்த மகள் ரொறன்ரோவிலிருந்து மூன்று வார விடுமுறையில் வந்தாள்.

மகள் முதலிற் செய்தது, இத்தகைய மகள்மார் எல்லாரும் செய்வதே. பழைய இரும்பு வாங்கும் வியாபாரியை அழைத்து, அறையிலுள்ளது முழுவதற்கும் ஒரே விலை சொல்லும்படி கேட்டாள். வியாபாரி அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்து ஒரு தொகை சொன்னார். அவள் கனடாக் காசில் அதைக் கணக்கிட்டு, பரவாயில்லை என்றாள். தாயார் கதவடியில் வந்து நின்று, "நான் செத்தாப் பிறகு எல்லாத்தையும் வில்லுங்கோ, பிள்ளை" என்றார். அத்தோடு அன்றைய வியாபாரம் முடிந்தது. இரண்டு நாள் தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

மகளின் அவசரத்திலே பிழை இரண்டு உண்டு. ஒன்று, உடையவர் உயிரோடிருக்கும்போது அவருடைய பொருளுக்கு மற்றவர் விலை பேசியது. மற்றது, ஒட்டுமொத்தமாக விலை கேட்டது. ஒட்டுமொத்த விலை என்பது எப்போதும் அங்குள்ளவற்றில் இழிந்த பொருளின் விலையை ஒட்டியே அமையும். வியாபாரியின் கண் கிடாரத்தின் மேலும் தையல் இயந்திரத்தின் மேலும் இருக்கும். அவருடைய வாய் உடைந்த பிளாஸ்ரிக் வாளியைப் பற்றியே பேசும். இதனை வஞ்சகம் என்று சொல்லுதல் தகாது. அவர் வண்டி கொண்டு வரவேண்டும், சுமக்கவேண்டும், தரம் பிரிக்கவேண்டும், விலைபோகாததைத் தம் செலவில் அகற்றவேண்டும். போத்தலும் கடுதாசியும் இரும்பும் வாங்கித் தெருத் தெருவாய்த் திரிவோர், ஊரின் குப்பையைச் சம்பளமின்றி அகற்றுகின்றனர் என்பதையும் மறத்தலாகாது. எனினும் தரம் பிரிக்கும் வேலையை விற்பவரே செய்துவைத்தால், அந்த உழைப்பின் ஊதியம் விற்பவருக்கே வரும்.

மூன்றாம் நாள் மச்சாள் வந்து வழி சொன்னார். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அறையை விடுங்கள், முதலிற் கோடிப்புறத்துக்குப் போங்கள் என்றார். அங்கே கிடந்தவற்றில் எவருக்கும் பற்றில்லை. அவற்றால் வரும் ஆபத்தோ பெரிது. மழைநீர் தேங்கிய தகரமும் சிரட்டையும் பழைய ரயரும் டெங்கு நோயைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் பிள்ளைத்தொட்டில்கள். அந்த நுளம்பின் முட்டைகள் நீர் வற்றிய கொள்கலனின் சுவரிலே மாதக்கணக்கில் உயிர்கெடாமல் ஒட்டியிருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆகையால் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கொள்கலனை அங்கேயே வைத்திருப்பது போதாது. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் ஓர் இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். கோடிப்புறத்துச் சாமானுக்கு விலை கிடைக்காவிட்டாலும் அது வெளியேறுவதே இலாபம். தாயாரும் இதற்குத் தடை சொல்லவில்லை. முதல் நாள் போத்தலும் தகரமும் போயின. கிடைத்த காசு சிறிது. ஆயினும் அதைத் தாயாரின் கையிலேயே கொடுக்கும்படி மச்சாள் சொன்னார். காசை எண்ணி முடிச்சிலே கட்டிக்கொண்ட அவர், மறுநாட் காலையில் தாமே கூரைத் தகரத்தைக் காட்டி, உதையும் கேட்டுப் பாருங்கோ என்றார்.

உலோகத்தை விற்போர் அறிந்திருக்கவேண்டியவை சில உள. செம்பின் விலை கூடியது. பித்தளை அதற்குக் கீழ். அலுமினியம் அதற்கும் கீழ். இரும்பு எல்லாவற்றிலும் கீழ். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. ஒரு சிறு காந்தத்தைப் பொருளின்மேல் வைத்தால் இரும்பு ஒட்டும், பித்தளையும் செம்பும் ஒட்டா. மஞ்சளாய் மினுங்கும் கட்டிற் குமிழில் காந்தம் ஒட்டினால், அது முலாம் பூசிய இரும்பேயன்றிப் பித்தளையன்று. ஒவ்வொரு வகையையும் வேறு வேறாகக் குவித்து வைக்கவேண்டும். கலந்து கிடந்தால் செம்புக் கம்பியும் இரும்பு விலைக்கே போகும். ஆனால் மின்வடத்தின் உறையை எரித்துச் செம்பை எடுப்பது கூடாது. அந்தப் புகை நஞ்சு. கிடைக்கும் காசு மருந்துக்கும் போதாது. நிறுக்கும்போது வியாபாரியின் தொங்கு தராசில் முதலில் ஐந்து கிலோ அரிசிப் பொதி ஒன்றைக் கொளுவிப் பார்ப்பது நன்று. நல்ல வியாபாரி அதற்குக் கோபிக்கமாட்டார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். நெளிந்து ஓட்டையான பித்தளைக்கு நிறை விலை. நல்ல நிலையிலுள்ள குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் பொருள் விலை. இரண்டும் ஒன்றல்ல. பித்தளைக் கிடாரங்கள் வழக்கொழிந்ததற்குக் காரணம் உண்டு. அவற்றின் உட்புறத்துக்குக் காலத்துக்குக் காலம் ஈயம் பூசவேண்டும். பூச்சு தேய்ந்தபின் புளி சேர்ந்த கறியை அதிற் சமைத்தால் கறி கெடும், உண்பவர் உடலும் கெடும். ஈயம் பூசுவோர் அருகிப்போயினர், எவர்சில்வர் வந்தது, எரிவாயு அடுப்பின்மேல் கிடாரம் நிற்காது. சமையலுக்கு உதவாத அதே கிடாரத்தை வாசலில் நீர் நிரப்பிப் பூ மிதக்கவிடுவதற்கென்று விடுதி நடத்துவோரும், கொழும்பில் வீடு அலங்கரிப்போரும் வாங்குகின்றனர். அவர்களுக்கு அதன் பழமையே மதிப்பு. ஆகையால் அதனை உருக்கு விலைக்குக் கொடுப்பவர் இரண்டு முறை நட்டமடைகின்றார். தேய்த்து மினுக்கவும் வேண்டாம். மினுக்கும் வேலையை வாங்குபவர் தம் விருப்பப்படி செய்துகொள்வார்.

மரச்சாமானுக்கும் இது பொருந்தும். வன்னிக் காட்டின் முதிரையிலும் பாலையிலும் செய்த பழைய அலுமாரிகளின் மேலே, பிற்காலத்தவர் பச்சையும் நீலமுமாக எண்ணெய் வண்ணம் பூசிவிட்டனர். அடிப்புறத்தில் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளேயிருக்கும் மரம் தெரியும். ஆணியின்றி மரமுளையால் இசைத்த மூட்டுகள் இருந்தால், அதனை ஒட்டுப்பலகை அலுமாரியின் விலைக்குக் கொடுத்துவிடக்கூடாது. காலால் மிதிக்கும் சிங்கர் தையல் இயந்திரம் பல வீடுகளில் கிடக்கின்றது. அந்நிறுவனம் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. இயந்திரத்தின் மேலுள்ள இலக்கத்தைக் கொண்டு அது செய்யப்பட்ட காலத்தை அறியலாம். தைக்கக்கூடிய நிலையிலிருந்தால், அதனைக் கொண்டு பிழைக்கக்கூடிய ஒரு பெண்ணுக்கு மலிவாகக் கொடுப்பது, அதன் வார்ப்பிரும்புக் கால்களின்மேல் கண்ணாடி போட்டு மேசையாக்குவோருக்கு விற்பதிலும் மேலானது. இது விலையைப் பற்றிய கருத்தன்று.

பழைய வால்வு வானொலிப் பெட்டிகளைப் பற்றி வானொலி நேயர்களுக்குச் சொல்லாமல் விடலாகாது. கொழும்பில் ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் திகதி தொடங்கியது. 1950களில் அரைக் கிராமம் ஒரு பெட்டியைச் சுற்றியிருந்து கேட்டது. அந்தப் பெட்டிகளை, பாடாவிட்டாலும் விலை கொடுத்து வாங்கும் சேகரிப்பாளர் உளர். பாடுகின்றதா என்று பார்ப்பதற்காக, பல்லாண்டு கிடந்த பெட்டிக்கு உடனே மின்சாரம் கொடுப்பது தவறு. உள்ளிருக்கும் பழைய கொள்ளளவிகள் வெடித்து, விலைபோகக்கூடிய பெட்டியையும் கெடுத்துவிடும்.

தாயாரின் வீட்டிலிருந்த முதிரை அலுமாரி இலண்டனிலுள்ள மைத்துனருடையது. அவர் அதனை ஒப்படைத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதன் நான்கு காலின் கீழும் சிரட்டையில் மண்ணெண்ணெய் வைத்துக் கறையானிடமிருந்து தாயார் அதனைக் காத்து வந்தார். விற்கும் பேச்சு வந்தபோது, பிறர் பொருள் என்று உறுதியாக மறுத்துவிட்டார். மகள் தொலைபேசியில் மைத்துனரை அழைத்தாள். அவர், "எந்த அலுமாரி?" என்று கேட்டார். தாயார் அதன்பின் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. ஒப்படைத்த பொருளைப் பற்றி உடையவரிடம் கேட்டு, அவர் சம்மதத்தை எழுத்தில், குறைந்தது கைபேசிச் செய்தியாகவேனும், பெற்றுக்கொள்ளவேண்டும். பெரும்பாலான ஒப்படைப்புகளின் கதை இதுவேயாகும். காத்திருப்பவருக்கே அது பொருள். விட்டுச் சென்றவருக்கு அது நினைவிலும் இல்லை.

கடுதாசியும் புத்தகமும் வேறு சாதி. அவற்றை நிறைக்கு விற்குமுன் ஒவ்வொன்றையும் விரித்துப் பார்க்கவேண்டும். பழைய நாட்காட்டியினுள்ளே காணி உறுதியும், சமையற் புத்தகத்தினுள்ளே வங்கிப் பற்றுச்சீட்டும், கதைப் புத்தகத்தினுள்ளே பிறப்புச் சான்றிதழும் இருப்பது புதுமையன்று. இடம்பெயர்வுகளின்போது பத்திரங்களை இழந்து, காணியின் உரித்தை நிறுவுவதற்குப் பல ஆண்டுகளாக அலைந்தோர் பலர் இருக்கும் நாட்டில் இதனை மீண்டும் மீண்டும் சொல்லவேண்டியிருக்கின்றது.

பத்திரமில்லாத வெறும் ஏடும் சிலவேளை விலைமதிப்பற்றது. சிறுப்பிட்டியில் 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, வீடுகளின் இறப்பிலும் பரணிலும் செல்லரித்துக் கிடந்த ஓலைச்சுவடிகளைத் தேடியெடுத்து ஒப்புநோக்கியிராவிட்டால், 1887இல் கலித்தொகை அச்சேறியிராது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97 ஆயிரம் நூல்கள் அழிந்தன. அதன்பின் ஈழத்து நூல்களினதும் சஞ்சிகைகளினதும் தனிப்பிரதிகள் பல, வீடுகளின் சாமான் அறைகளிலேயே எஞ்சின. 1930 தொடக்கம் 1958 வரை வெளிவந்த ஈழகேசரியின் இதழோ, 1966இல் தொடங்கிய மல்லிகையின் முதல் இதழ்களோ, ஒரு கோயிலின் பழைய விழா மலரோ, பாடசாலையின் வெள்ளிவிழா மலரோ கையிற் கிடைத்தால், அதனைக் கடலைச் சுருளுக்கு அனுப்பாமல், 2005இல் தொடங்கப்பெற்று ஈழத்து எழுத்துகளை எண்ணிம வடிவிற் காத்துவரும் நூலகம் நிறுவனத்துக்கோ, ஊர் நூலகத்துக்கோ காட்டவேண்டும். மற்றப் பாடநூல்களையும் நாவல்களையும் தாராளமாக விற்கலாம். கொழும்பில் டீ. ஆர். விஜயவர்த்தன மாவத்தையிலுள்ள பழைய புத்தகக் கடைகள் பல தலைமுறை மாணவருக்குப் படிப்பளித்தவை.

சட்டத்தையும் நினைவில் வைத்திருத்தல் நலம். மண்ணிலிருந்து தோண்டியெடுத்த நாணயம், சிலை முதலியவற்றை எவரும் தம் பொருளாகக் கருதி விற்க இயலாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அவற்றைக் காக்கின்றது. பண்பாட்டுச் சிறப்புடைய பொருள்களை அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1988ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் தடுக்கின்றது. பாட்டியாரின் ஓலைச்சுவடியைப் பெட்டியில் வைத்து வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்ல எண்ணும் பிள்ளைகள் முதலில் விசாரித்தறிவது நன்று.

புதிய பொருள்களைக் காலந்தாழ்த்தாமல் விற்கவேண்டும். கிடாரத்தின் விலை இருக்க இருக்க ஏறலாம். கைபேசியின் விலையும் தொலைக்காட்சிப் பெட்டியின் விலையும் இருக்க இருக்க இறங்கும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணய மதிப்பு, மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குச் சரிந்தபோது, புதிய மின்சாதனங்கள் எட்டாக்கனியாயின. பழையவற்றைத் தேடுவோர் தொகை பெருகிற்று. அன்று பலர், தம் வீட்டு மூலையில் மூன்று ஆண்டு மூடிக்கிடந்த சலவை இயந்திரம் இன்னொரு வீட்டின் பெருந்தேவை என்பதைக் கண்டனர். கைபேசியையும் கணினியையும் விற்குமுன் அவற்றிலுள்ள படங்களையும் செய்திகளையும் முற்றாக அழிக்கவேண்டும். இணையத்தில் விளம்பரஞ் செய்வோர், காசு அனுப்பிவிட்டதாகச் சொல்லி வங்கியின் இரகசிய இலக்கத்தைக் கேட்பவருக்கு மறுமொழி சொல்லக்கூடாது. காசு பெறுபவருக்கு எந்த இரகசிய இலக்கமும் சொல்லவேண்டிய தேவை இல்லை. மோட்டார் சைக்கிளை விற்போர் உரிமையை வாங்கியவர் பெயருக்கு மாற்றாமல் விட்டால், அவர் செய்யும் விபத்துக்கு இவர் பொலிசு நிலையம் போக நேரிடும்.

விலை குறிப்பதில் வாங்கிய விலையை மறந்துவிடவேண்டும். அதே பொருளை, அதே நிலையில், இன்று தாமே வாங்குவதாயின் என்ன கொடுப்பார் என்று விற்பவர் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும். மறுமொழி பெரும்பாலும் மனத்தை நோகச் செய்யும். ஆனால் அதுவே சரியான விலை. உடைவை மறைத்து விற்பது ஊருக்குள் நெடுநாட் பேச்சாகும். உறவினருக்கு விற்பதிலும் கொடுத்துவிடுவது மேல். பாதி விலைக்கு விற்ற பொருள் பழுதானால் முழு உறவும் பழுதாகும்.

அந்த வீட்டில் மூன்று வாரத்திலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. தாயார் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் அறையில் இருக்கமாட்டார். ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, அது எப்போது எவர் கொண்டு வந்தது என்று சொல்லுவார். மகள் முதலிற் பொறுமையிழந்தாள். பின்னர் எழுதிவைக்கத் தொடங்கினாள். சொல்லி முடித்த பொருளைத் தாயார் பெரும்பாலும் தாமே விற்பனைப் பக்கத்தில் வைத்தார். தறப்பாளைப் பற்றி மாத்திரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனை மடித்து மீண்டும் உள்ளே வைத்தார். மகளும் கேட்கவில்லை. சீதனக் குடத்தைப் பேத்திக்கென்று ஒதுக்கினார், கிடாரம் போயிற்று. வியாபாரி நிறை விலை சொன்னபோது, "தம்பி, உது கிணத்துக்குள்ள ஆறு மாசம் கிடந்தும் ஓட்டை விழாத கிடாரம்" என்று சொல்லி, முதற் சொன்னதிலும் இருமடங்கு வாங்கினார். ஒட்டுமொத்தமாக அன்று கேட்ட தொகையை, உலோகம் மாத்திரமே தாண்டிவிட்டது.

அந்தக் காசில் நடையின் இரு மருங்கும் கைபிடிக் குழாய் பூட்டினார்கள். இரவில் தானே எரியும் மின்குமிழ் ஒன்று போட்டார்கள். மிகுதி தாயாரின் வங்கிப் புத்தகத்தில் இருக்கின்றது. கட்டிலிலிருந்து குசினிவரை இப்போது ஒன்றிலும் கால் தடக்காமல் நடக்கலாம்.

மகள் திரும்பிச் சென்று இரண்டு மாதத்தின்பின் அந்த வியாபாரி மறுபடி அவ்வழியே வந்தார். விறாந்தையில் சாத்தி வைத்திருந்த ரலி சைக்கிளைப் பார்த்து, "ஆச்சி, உந்தச் சைக்கிளை என்ன விலைக்குத் தருவியள்?" என்று கேட்டார். பழைய ரலிக்கு இப்போது நல்ல கேள்வி இருக்கிறது என்றும் சொன்னார். அது உண்மையே.

"அது விலைக்கில்லைத் தம்பி" என்றார் தாயார். "உள்ளை வாருங்கோ, மகள் அனுப்பின மின்விசிறி இன்னும் ரெண்டு கிடக்குது. அதைப் பாருங்கோ."